கல்லில் வெட்டியதைத் தாளில் மறைப்பதா?

தஞ்சைப் பெரிய கோயிலில் பணிபுரிந்த தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயர், குடியிருந்த தெரு, பெற்ற பங்கு அனைத்தையும் முதலாம் இராசராசன் கல்லில் வெட்டுவித்தான். பங்கொன்றுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல்.

2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவும் இத்தகைய கடமையையே விதிக்கிறது. மானியத் திட்டங்களுக்கு ஒதுக்கிய தொகையையும் பயனாளிகளின் விவரத்தையும், எவரும் கேளாமலே, சட்டம் இயற்றிய 120 நாள்களுக்குள் அலுவலகங்கள் வெளியிட்டிருக்க வேண்டும். இருபதாண்டு கடந்தும் மனுச் செய்து காத்திருக்கிறோம். போதாக்குறைக்கு, 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 8(1)(ஜே) பிரிவைத் திருத்திற்று. தனிநபர் தகவல் என்று சொல்லியே இனி விவரத்தை மறுக்கலாம்.

மானியம் பெறுவோரின் மானம் என்னாவது என்பர் சிலர். நோயும் வங்கிக் கணக்கு எண்ணும் மறைந்திருக்கட்டும். அதில் நமக்கு மறுப்பில்லை. ஆனால் பொதுப்பணம் எவருக்கு, எவ்வளவு, எதற்கு என்பதையும் மறைத்தால் பயனடைபவன் யார்? ஏழையின் பெயரை எழுதித் தான் உண்டவனே. பட்டியல் வெளியானால்தானே, தன் பெயரில் பிறன் பெற்றதை அந்த ஏழை அறிவான்?

பொதுநலன் மிகுந்திருப்பின் தகவல் தரலாம் என்னும் 8(2) பிரிவு இன்னும் எஞ்சியுள்ளது. ஒவ்வொரு மனுவிலும் 4ஆம் பிரிவோடு அதனையும் சுட்டிக் கேட்போம். கேட்பது இரவலன்று, கணக்கு.