மணலிலிருந்து மலைக்கு

தாராபுரத்து மணலிலே, விடிவெள்ளி மறையுமுன், முதுகில் 12 கிலோ அரிசிப் பொதியைச் சுமந்துகொண்டு 46 வயது ஆசிரியர் ஒருவர் விறுவிறென்று நடந்து சென்றால் ஊரார் என்னதான் எண்ணுவர்? கடன்காரருக்கு அஞ்சி இருளோடு இருளாக ஊரைவிட்டு ஓடுகிறார் என்று ஒருவர் சொன்னாராம். வீட்டிலே பிணக்கு என்று மற்றொருவர் சொன்னாராம். வீதியோரத்தில் நின்ற கழுதைகள்கூடத் தலையைத் தூக்கி நம்மை ஏற இறங்கப் பார்த்தன. தம் குலத்தொழிலை வாத்தியார் ஒருவர் அபகரித்துக்கொண்டாரே என்ற வியப்பாக இருக்கலாம்.

உண்மை அதுவன்று. வருகின்ற ஒக்டோபரில் நாமும், சக ஆசிரியர் ஒருவரும், நம்மிடம் படித்த இளைஞர் இருவருமாக நால்வர் நேபாளம் செல்ல எண்ணியிருக்கிறோம். எவரெஸ்ட் சிகரத்தின் அடிவார முகாம்வரை நடந்து போய்வருவதே நோக்கம். சிகரத்தில் ஏறும் பேராசை நமக்கில்லை. எனினும் அந்த அடிவாரமே கடல்மட்டத்திலிருந்து 5,364 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. லுக்லா என்னும் மலையூரிலிருந்து போகவும் வரவும் ஏறத்தாழ 130 கிலோமீற்றர் நடை. பயணச் செலவுக்காக மூன்று ஆண்டுகள் சீட்டுக் கட்டினோம். இல்லாளின் சம்மதத்தைப் பெற அதனினும் அதிக காலம் சென்றது.

மன்னார்த் தீவிலே பிறந்து வளர்ந்தவருக்கு மலை என்பது புவியியற் புத்தகத்திலே கபில நிறம் தீட்டப்பட்ட பகுதி மட்டுமே. நம் தீவில் மணலும் பனையும் உண்டு. பள்ளிமுனையிலே பெயர்பெற்ற பெருக்கமரம் உண்டு. தென்கரை ஓரமாக அண்மைக் காலத்தில் எழுந்த காற்றாலைக் கோபுரங்கள் உண்டு. இவற்றைக் காட்டிலும் உயரமான பொருளை அண்ணாந்து பார்க்கும் அவசியம் நமக்கு நேர்ந்ததில்லை. ஆனால் மலைநாட்டிலே பிறந்தவரும் இவ்விடயத்தில் நம்மைவிட அதிகம் கொடுத்து வைத்தவர் அல்லர். இலங்கையின் அதியுயர் மலையாகிய பீதுருதாலகாலையின் உயரம் 2,524 மீற்றர். உயர்மலை நோய் மனிதரைப் பற்றத் தொடங்குவதோ பொதுவாக 2,500 மீற்றருக்கு மேலேதான். நம் நாட்டு உயரம் முடிவடையும் இடத்திலேதான் அந்த நோயின் எல்லை தொடங்குகிறது. ஆகவே, மெலிந்த காற்றுக்கு உடலைப் பழக்கிக்கொள்ள இந்நாடு முழுவதும் தேடினாலும் இடமில்லை.

இதை அறியாமல், உடலை இரும்பாக்கிக்கொண்டாற் போதும் என்று முதலில் நம்பினோம். காலையிலே மணலில் நடந்தோம். மாலையிலே பாடசாலை மாடிப்படிகளில் நாற்பது தரம் ஏறி இறங்கினோம். மாணவர் சிரித்தனர், பின்னர் எண்ணத் தொடங்கினர், இறுதியில் சிலர் நம்முடன் சேர்ந்தும் ஏறினர். சென்ற பெப்ரவரியில் நால்வரும் பொதிகளைச் சுமந்துகொண்டு ஒத்திகையாகச் சிவனொளிபாத மலைக்குச் சென்றோம். நமக்கு அது சிவனொளிபாதம். உடன் வந்த தாராபுரத்து இளைஞனுக்கு அது பாவா ஆதம் மலை. 1344 ஆம் ஆண்டிலே மொறொக்கோ நாட்டு யாத்திரிகர் இபுனு பதூதா புத்தளக் கரையில் இறங்கி அம்மலைக்குச் சென்ற வரலாற்றை அவன் நமக்குச் சொன்னான். வகுப்பிலே நாம் அவனுக்குச் சொன்ன செய்திதான் அது. அவன் மறவாதிருந்தது கண்டு மகிழ்ந்தோம்.

அந்த மகிழ்ச்சி நெடுநேரம் நீடிக்கவில்லை. 2,243 மீற்றர் உயரமுள்ள அம்மலையின் எண்ணற்ற படிகளில் இளைஞரோடு இளைஞராக ஏறிவிட வேண்டும் என்ற அகந்தை நம்மைப் பற்றிக்கொண்டது. பாதி வழியிலேயே வலது முழங்கால் வலிக்கத் தொடங்கியது. வெளியே சொன்னால் வயதாகிவிட்டது என்பார்களே என்றெண்ணி மறைத்தோம். உச்சியில் சூரியோதயம் கண்டோம். இறங்கும்போது முழங்கால் மடங்கிவிட, ஒரு வளைவிலே சரிந்தோம். நம்மைப் பிடிக்கப் பாய்ந்த அந்த இளைஞனும் இடறி விழுந்து கைமணிக்கட்டைச் சுளுக்கிக்கொண்டான். பெருங்கேடு நேரவில்லை. எனினும் நம் ஒருவரின் வீண் பெருமைக்கு வேறொருவர் நோவு அனுபவிக்க நேர்ந்தது.

ஊர் திரும்பியதும் தாராபுரத்துக்குச் சென்று அவனுடைய தந்தையாரிடம் நடந்ததைச் சொல்லி வருத்தம் தெரிவித்தோம். அவர் சங்கு குளிப்பவர்; மன்னார்க் கடலின் அடித்தரையை நாம் வகுப்பறையை அறிந்ததைக் காட்டிலும் நன்கு அறிந்தவர். தேநீரை நம் கையில் தந்துவிட்டுச் சிறிது நேரம் மௌனமாக இருந்தார். பின்னர், “மாஸ்டர், கடல்ல நோவை மறைக்கிறவன் கூட வந்தவனையும் சேத்துத்தான் கொல்லுறான்” என்றார். கோபமின்றித்தான் சொன்னார். அதனாலேயே அச்சொல் ஆழமாகத் தைத்தது.

அவருடைய உடன்பிறந்தார் ஒருவர் திண்ணையிலே கோலூன்றி அமர்ந்திருந்தார். பல்லாண்டுகளுக்கு முன் ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்ததனால் ஒரு கால் வழங்காது போயிற்று. ஆழத்தின் அமுக்கத்தில் நெடுநேரம் இருந்தவர் திடீரென மேலெழுந்தால் குருதியிலும் தசையிலும் கரைந்துள்ள நைதரசன் வாயு குமிழ்களாகி நரம்புகளைத் தாக்கும். சோடாப் போத்தலின் மூடியைத் திறந்தவுடன் நுரை பொங்குவது போன்றது அது. படிப்படியாக, இடையிடையே தங்கித் தங்கி மேலே வந்தால் வாயு அமைதியாக வெளியேறிவிடும்.

இதைக் கேட்டபோதுதான் நமக்கு ஒரு திரை விலகியது. கடலிலே 10 மீற்றர் ஆழத்தில் அமுக்கம் கரையில் உள்ளதைப்போல் இருமடங்கு. மலையிலே ஏறத்தாழ 5,500 மீற்றர் உயரத்தில் அது பாதி. காற்றிலுள்ள பிராணவாயுவின் விகிதம் மாறுவதில்லை. காற்றே ஐதாகிவிடுவதால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைப்பது பாதியாகிறது. நோய்கள் இரண்டும் வேறு வேறு வகையின. அவற்றின் காரணங்களும் வேறு. ஆயினும் இரண்டுக்கும் காப்பு ஒன்றே: உடலுக்கு அவகாசம் கொடுத்தல். குளிப்பவர் மெல்ல மேலே வரவேண்டும். மலையேறுபவர் மெல்ல மேலே செல்லவேண்டும்.

மருத்துவர் கூறும் விதியும் இதுவே. 3,000 மீற்றருக்கு மேல் ஒவ்வோர் இரவும் உறங்கும் இடம் முந்திய இரவைவிட 500 மீற்றருக்கு மேல் உயரக்கூடாது. மூன்று நான்கு நாள்களுக்கு ஒருமுறை உயரம் கூட்டாமல் ஒருநாள் தங்கவேண்டும். ஏறத்தாழ அவ்வாறே நமது பயணத்தை வகுத்திருக்கிறோம். ஏறத்தாழ 2,850 மீற்றரில் உள்ள லுக்லாவில் விமானத்தால் இறங்கியதும் முதலில் கீழ்நோக்கி நடந்து பக்டிங்கில் உறங்குவோம். 3,440 மீற்றர் உயரமுள்ள நம்சே பசாரில் இரண்டு இரவுகள், பின்னர் தெங்போச்சே, 4,410 மீற்றரிலுள்ள டிங்போச்சேயில் மீண்டும் இரண்டு இரவுகள். இடையிலே தங்கும் நாள்கள் வீண்நாள்கள் என்று முன்பு எண்ணியிருந்தோம். பயணத்தின் உயிர்நாடியே அந்நாள்கள்தாம் என்று இப்போது அறிகிறோம்.

இன்னொன்றையும் வாசகர் மனங்கொள்ளவேண்டும். உடல்வலிமை உள்ளவரை இந்நோய் அணுகாது என்பது தவறான எண்ணம். ஓட்டப் பந்தய வீரனை அது வீழ்த்தலாம். பக்கத்தில் வரும் முதியவரை விட்டுவிடலாம். தலைவலியும் குமட்டலும் உறக்கமின்மையும் முதல் அறிகுறிகள். அவை கண்டால் மேலே ஓரடியும் வைக்கலாகாது. நடையிலே தள்ளாட்டமும் பேச்சிலே குழப்பமும் தோன்றினால் மூளையிலே வீக்கம் என்று கொள்ளவேண்டும். அமர்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறி இருமல் கண்டால் நுரையீரலிலே நீர் சேர்கிறது என்று கொள்ளவேண்டும். அப்போது இரவாயினும் பகலாயினும் கீழே இறங்குவதே முதல் மருந்து. நோயைத் தடுக்க அசெற்றசோலமைட் என்னும் மாத்திரை உண்டு. அது எல்லோருக்கும் ஒவ்வாது. வைத்தியரைக் கேட்டே கொள்ளவேண்டும். அதை விழுங்கிவிட்டு விரைந்து ஏறலாம் என்பது பெரும் பேதைமை.

இனிப் பொதி கட்டிய கதை. சென்ற வெள்ளிக்கிழமை மாலை அதே தாராபுரத்து வீட்டுத் திண்ணையிலே நமது பொருள்களைப் பரப்பினோம். கம்பளிச் சட்டை, மழையங்கி, உறக்கப்பை, இரண்டு மாதமாக நடந்து காலுக்குப் பழக்கிய சப்பாத்து ஆகியவற்றோடு மூன்று புத்தகங்கள், தூரதரிசினி, ஆறு பருத்திச் சட்டைகள், வெள்ளை வேட்டி ஒன்று, பெரிய பனங்கட்டிக் குட்டான்கள் நான்கு. நிறுத்துப் பார்த்தோம், 17 கிலோ காட்டியது. மூலையில் அமர்ந்து பார்த்திருந்த அவ்விளைஞனின் உம்மம்மா எழுந்து வந்தார். ஒவ்வொன்றாகக் கையிலெடுத்து, “இது இல்லாட்டி உயிர் போகுமா, மாஸ்டர்?” என்று கேட்டார். போகாது என்றோம். அதை ஒருபுறம் வைத்தார். வேட்டியும் புத்தகமும் தூரதரிசினியும் அவ்வாறே ஒதுங்கின. பருத்தித்துணி வியர்வையிலே நனைந்தால் குளிரை உடலோடு ஒட்டிவைக்கும் என்பதை நாம் சொன்னதும் சட்டைகளில் நான்கு சென்றன. ஒரு மணிநேரத்தில் பொதி 9 கிலோவாயிற்று.

இக்கலையை எங்கே கற்றீர்கள் என்று கேட்டோம். கேட்டிருக்க வேண்டியதில்லை. 1990 ஒக்டோபரிலே விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம் மக்களை வெளியேற்றியபோது, மன்னார்த் தீவின் குடும்பங்கள் பல படகேறிக் கற்பிட்டிக் கரையை அடைந்தன. அன்று கைக்குழந்தையோடு இவரும் ஒரு பொதி கட்டினார். காணி உறுதியை எடுத்தாராம். ஒரு பானை, கொஞ்சம் அரிசி, பிள்ளைக்கு மருந்து. “எல்லாம் எடுத்தம், தண்ணியை மறந்திட்டம். வள்ளத்தில புள்ளையள் தண்ணி தண்ணி எண்டு அழுததுகள்” என்றார். அப்போது நமக்கு வயது பதினொன்று. வகுப்பிலே பக்கத்து வாங்குகள் ஒரு கிழமையில் வெறுமையானதைக் கண்டோம். ஏன் என்று உரத்துக் கேட்டவர் எவருமில்லை. அவருக்கு மறுமொழி சொல்ல நா எழவில்லை. அவரே தண்ணீர்ப் போத்தல்கள் இரண்டை எடுத்து வந்து நமது பொதியின் இருபக்கமும் செருகினார். உயரத்திலே வறண்ட காற்று உடல்நீரை உறிஞ்சும். தாகம் தோன்றாவிடினும் குடிக்கவேண்டும் என்று மருத்துவநூல் கூறுகிறது. அந்நூலை அவர் படித்ததில்லை.

பனங்கட்டியில் ஒரு குட்டானை மட்டும் அவர் திருப்பி வைத்தார். அடிவார முகாமருகே தண்ணீர் ஏறத்தாழ 82 பாகையிலேயே கொதித்துவிடுமாதலால் தேநீர் சுவைப்பது அரிது. கடித்துக்கொள்ளவேனும் நம்மூர் இனிப்பு இருக்கட்டும் என்றோம். சிரித்தார்.

அன்றிரவே நால்வரும் ஓர் உடன்படிக்கை எழுதிக் கையொப்பமிட்டோம். தலைவலியாயினும் மறைப்பதில்லை. காலையும் மாலையும் ஒருவர் மற்றவரைக் குதிமுன் குதி வைத்து நேர்கோட்டிலே நடக்கச் செய்து பார்ப்பது. ஒருவர் இறங்கவேண்டி வந்தால் தனியே அனுப்பாது ஒருவர் உடன் இறங்குவது. சுமைதூக்கும் தொழிலாளர் பலரும் தாழ்ந்த பள்ளத்தாக்குகளிலிருந்து வருபவராதலால் அவரையும் இந்நோய் பற்றும்; ஆகவே நமக்குரிய கவனிப்பு அவருக்கும் உரியது. கடைசி விதி எழுதும்போதுதான் சற்றே தயங்கினோம்: சீட்டுப் பணம் முழுவதும் வீணாயினும், அடிவாரம் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருப்பினும், திரும்பவேண்டிய வேளையில் திரும்புவது.

தயக்கத்தைத் தீர்த்தவர் நம் நாட்டவர் ஒருவரே. 2016 மே 21 ஆம் நாள் ஜயந்தி குரு உதும்பால எவரெஸ்டின் உச்சியை அடைந்து, அங்கு நின்ற முதல் இலங்கையர் ஆனார். அந்தப் பெருமையை நாடறியும். அவருடன் சென்ற ஜொஹான் பீரிஸ் ஏறத்தாழ 8,400 மீற்றர் வரை சென்று, உச்சி எட்டாமல் திரும்பினார். எஞ்சிய உயரம் 450 மீற்றர் அளவே. திரும்பியவர் 2018 மே 22 இல் அதே உச்சியில் நின்றார். அன்று அவர் திரும்பியிராவிடில் பின்னொரு நாள் இருந்திருக்குமோ என்று எண்ணிப் பார்த்தோம். கையொப்பம் இட்டோம்.

விடைபெறும்போது வழக்கம்போல் “அப்போ போறம், உம்மா” என்றோம். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். “போறம் எண்டு சொல்லாதீங்க, மாஸ்டர். போய்ட்டு வாறம் எண்டு சொல்லுங்க.” எத்தனையோ ஆண்டுகளாக வகுப்பிலே நாம் தமிழ் கற்பித்து வருகிறோம். வாசலில் நின்றபடி மாணவனைப்போல் அவர் சொன்னதைத் திருப்பிச் சொன்னோம்.