வேடிக்கை காட்டுறதும் வேடிக்கை பார்க்கிறதும்

மே மாசம் வந்தாலே எங்க வீட்டுல ரெண்டு விஷயம் நடக்கும். ஒண்ணு, ஃப்ரிட்ஜுல ஐஸ்க்ரீம் டப்பா ஏறும். ரெண்டாவது, எங்க ரெண்டு பேருக்கும் பிரஷர் ஏறும். காரணம் ஒண்ணுதான். புனேயில இருந்து பேரப்பிள்ளைங்க வர்றாங்க!

பெரியவனுக்கு எட்டு வயசு, சின்னவளுக்கு நாலரை. மகளும் மருமகனும் கொண்டாந்து விட்டுட்டு மறுநாளே ஆபீஸ்னு கிளம்பிருவாங்க. அப்புறம் மூணு வாரம் நாங்க ரெண்டு பேர், அவங்க ரெண்டு பேர், நடுவுல சென்னை வெயில்.

ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். பதினஞ்சு வயசுக்கு மேல ஒரு பையன் ஆச்சி வீட்டுல மூணு வாரம் இருப்பானாக்கும்? கோச்சிங், கேம்ப்புன்னு ஏதாவது வந்துரும். அப்படின்னா பெரியவன் கூட எனக்கு மிச்சம் இருக்கிறது ஏழே ஏழு லீவு. இதை ரங்கமணி கிட்ட சொன்னப்ப மனுஷர் ஒண்ணும் பேசல. நேரா போய் ஒரு டைம்டேபிள் போட்டுட்டு வந்தார். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு இடம், சில நாளைக்கு ரெண்டு இடம். வங்கியில வேலை பார்த்த மனுஷரில்ல, கட்டம் போடாம இருக்க முடியாது :-)

முதல் நாள் ஒரு பெரிய மால். மூணு மணி நேரம், மூவாயிரத்துக்கு மேல செலவு. பொம்மை எடுக்கிற மிஷின்ல பொம்மை வரலன்னு சின்னவ தரையில உருண்டா. பெரியவன் "அடுத்து என்ன?"ன்னு கேட்டுட்டே இருந்தான். வீட்டுக்கு வந்ததும் "அடுத்து என்ன?" ராத்திரி அவங்கப்பா போன் பண்ணப்பவும், "இன்னிக்கு மால். நாளைக்கு என்னன்னு தெரியல."

ரெண்டாவது நாள் வண்டலூர். 1855ல மெட்ராஸுக்குள்ள ஆரம்பிச்ச மிருகக்காட்சி சாலை, 1985ல வண்டலூருக்குப் போனது. அறுநூறு ஹெக்டேர் காடு. நாங்க போய்ச் சேர்ந்தது பதினொன்றரை மணி. அந்த வெயில்ல எந்தப் புலி எழுந்து வந்து நமக்கு வணக்கம் சொல்லும்? எல்லாம் நிழலைத் தேடிப் படுத்தாச்சு. தப்பு முழுக்க எங்க மேலதான். ஆனா ஒண்ணு நடந்தது. ஒருத்தர் ட்யூபைப் பிடிச்சு ஒரு வண்டியைக் கழுவிட்டு இருந்தார். சின்னவ அங்கயே உட்கார்ந்துட்டா. அரை மணி நேரம்! தண்ணி எப்படி ஓடுது, அவர் எந்தச் சக்கரத்தை முதல்ல கழுவுறார்னு வாயைத் திறந்துட்டுப் பார்க்கிறா. நான் "வா தாயி, யானை பார்க்கலாம்"னு கையைப் பிடிச்சு இழுத்தேன். ஒரே அழுகை.

இவ்வளவு செலவழிச்சு வந்து பைப்புத் தண்ணியையா பார்க்கிறதுன்னு எனக்குக் கோபம். அது என் புத்தியில்லாத்தனம்னு அப்ப உறைக்கல.

உறைச்சது எங்க ஊருக்குப் போனப்பதான்.

எங்க பூர்வீகம் கோவில்பட்டிக்கும் எட்டயபுரத்துக்கும் நடுவுல ஒரு சின்ன கரிசல் கிராமம். கல்யாணமாகி சென்னை வந்து நாப்பது வருஷம் ஆகுது. மதினி மட்டும் இன்னும் அங்கதான் இருக்காங்க. ஒரு வாரம் போய் இருந்துட்டு வருவோம்னு ராத்திரி ரயில்ல ஏறி விடிகாலை கோவில்பட்டியில இறங்கினோம். ரங்கமணி அங்கயும் ஒரு கட்டம் போட்டு வச்சிருந்தார். கழுகுமலை வெட்டுவான் கோவில், எட்டயபுரத்துல பாரதி பிறந்த வீடு, கோவில்பட்டியில 2022ல திறந்த கி.ரா. நினைவரங்கம்.

மதினி கட்டத்தைப் பார்த்துச் சிரிச்சாங்க. "பிள்ளைகளை விடுங்க மதினி, அதுபாட்டுக்குக் கிடக்கும்"னாங்க.

அதுபாட்டுக்குக் கிடந்தது மக்களே! மே மாசக் கரிசக்காடு எப்படி இருக்கும்னு தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். பச்சைன்னு சொல்ல வேலிக்கருவை மட்டும்தான். நிலம் பாளம் பாளமா வெடிச்சுக் கிடக்கும். பெரியவன் ஒரு வெடிப்புல கல்லைப் போட்டுக் காதை வச்சுக் கேட்டான். "ஆச்சி, அடி வரைக்கும் போச்சா?" எனக்குத் தெரியாதுய்யான்னேன். அன்னிக்குச் சாயந்திரம் வரைக்கும் ஒவ்வொரு வெடிப்பா கல்லு, குச்சி, கடைசியில ஒரு நூல்ல கல்லைக் கட்டி இறக்கி அளந்துட்டு இருந்தான். ஊர்ப் பிள்ளைங்க நாலு பேர் கூடச் சேர்ந்துட்டாங்க. "அடுத்து என்ன?"ங்கிற கேள்வி எங்க போச்சுன்னே தெரியல.

மூணாம் நாள் ஒரு கோடை மழை. மழை பெஞ்ச கரிசல்ல செருப்போட நடந்திருக்கீங்களா? ஒவ்வொரு எட்டுக்கும் மண்ணு அப்பி அப்பி, பத்தடி போறதுக்குள்ள கால் யானைக்கால் மாதிரி ஆயிரும். சின்னவ விழுந்து விழுந்து சிரிச்சா. அவளைக் குளிப்பாட்ட நாலு வாளி தண்ணி ஆச்சு.

எல்லாம் சொர்க்கம்னு கதை விடமாட்டேன். முதல் ரெண்டு நாள் போன் வேணும்னு ஒரே அடம். சின்னவளுக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. கரண்ட் போன ராத்திரி எல்லாரும் அழாத குறை. அப்புறம் ஏன் அங்க நல்லா இருந்தாங்க? ரயில்ல திரும்பி வர்றப்ப நானும் ரங்கமணியும் இதைத்தான் பேசிட்டு வந்தோம். காத்து, மண்ணு, பாரம்பரியம்னு பெரிய வார்த்தை ஒண்ணும் வேண்டாம். காரணம் ரெண்டே ரெண்டு. அங்க கூட விளையாடப் பிள்ளைங்க இருந்தாங்க. பெரியவங்க அவங்கவங்க வேலையைப் பார்த்துட்டு இருந்தாங்க, அதைப் பிள்ளைங்க கிட்ட இருந்து பார்க்க முடிஞ்சது. யாரும் வேடிக்கை காட்டல. பிள்ளைங்க வேடிக்கை பார்த்தாங்க.

இந்த ரெண்டும் வேற வேற. வேடிக்கை காட்டுறப்ப பிள்ளை சும்மா இருக்கும், நாம ஓடுவோம். நாம நின்னதும் "அடுத்து என்ன?" வேடிக்கை பார்க்கிறப்ப நாம சும்மா இருக்கலாம், பிள்ளையோட மனசு ஓடும். எங்க இடைசெவல் கி.ரா. தாத்தா, மழைக்குத்தான் பள்ளிக்கூடத்துல ஒதுங்கினதாவும், அங்கயும் மழையைத்தான் பார்த்துட்டு நின்னதாவும் சொல்லுவார். அப்படி வேடிக்கை பார்த்து வளர்ந்தவர்தான் கரிசல் வழக்குக்கு அகராதியே போட்டார், 1991ல சாகித்ய அகாடமியும் வாங்கினார்.

இது நம்ம ஊர்ப் பழம்பெருமை மட்டுமில்ல. டென்மார்க்ல சோரன்சன்னு ஒருத்தர், பூங்காவெல்லாம் வடிவமைக்கிறவர். பிள்ளைங்களுக்குன்னு அழகா விளையாட்டுத் திடல் அமைச்சா, பிள்ளைங்க அதை விட்டுட்டு, கட்டட வேலை நடக்கிற இடத்துல பலகை, செங்கல்னு வச்சு விளையாடுறதைக் கவனிச்சார். அவர் யோசனையில 1943ல கோபன்ஹேகன்ல எம்ட்ரப்ங்கிற இடத்துல பழைய சாமான்களைப் போட்டே ஒரு திடல் திறந்தாங்க. நாடு ஜெர்மனிக்காரன் பிடியில இருந்த காலம் அது. பின்னால அதைப் பார்த்துத்தான் இங்கிலாந்துலயும் அந்த மாதிரித் திடல்கள் வந்தது.

இங்க ஒரு விஷயத்தை மழுப்பாம சொல்லணும். "பிள்ளைங்களை வேலையில சேர்த்துக்கோங்க"ன்னு எங்க பக்கத்து ஆள் சொன்னா, கேட்கிறவங்களுக்குத் தீப்பெட்டி ஆபீஸ்தான் ஞாபகம் வரும். வரணும். சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரத்துல விடியறதுக்கு முன்னாடி வேன் வந்து பிள்ளைங்களை அள்ளிட்டுப் போன காலத்தைப் பார்த்தவ நான். என் கூடப் படிச்ச பிள்ளைங்க பாதிப் பேர் வீட்டுல தீப்பெட்டி ஒட்டிட்டுத்தான் பள்ளிக்கூடம் வந்தாங்க. சில பேர் ஒரு நாள் வராமலே நின்னுட்டாங்க. 1986ல சட்டம் வந்து, 2016ல பதினாலு வயசுக்குக் கீழ எந்தத் தொழில்லயும் கூடாதுன்னு திருத்தம் வந்தது. குடும்பத்துக்கு ஒத்தாசைன்னு ஒரு விதிவிலக்கும் வச்சிருக்காங்க. அதனால நான் சொல்றது அந்த வேலையை இல்ல. மதினி வீட்டுல பெரியவன் கடலை உரிச்சான். இருபது நிமிஷத்துல எழுந்து ஓடிட்டான். யாரும் கூப்பிடல. எழுந்து ஓடலாம்ங்கிற வரைக்கும்தான் அது விளையாட்டு. ஓட முடியாதுன்னா அதுக்குப் பேர் வேற.

சரி, பெரிய ஊர்ல இருக்கிறவங்க என்ன பண்றது? எல்லாராலயும் கரிசக்காட்டுக்குப் போக முடியுமா? முடியாது. ஊர்னு ஒண்ணு இல்லாதவங்களும் இருக்காங்க. அதனால சென்னைக்குத் திரும்பி வந்த பிறகு மிச்சமிருந்த பத்து நாள்ல நாங்க என்ன மாத்தினோம்னு மட்டும் சொல்றேன்.

முதல்ல கட்டம் போட்ட பேப்பரைக் கிழிச்சோம். (ரங்கமணி முறைச்சார்.) ஒரு நாளைக்கு ஒரு இடம்தான். சீக்கிரமே கிளம்பி, வெயில் உச்சிக்கு ஏறுறதுக்குள்ள வீடு. போற இடத்துல பிள்ளை எங்க நிக்குதோ அங்க நாமும் நிக்கணும். மிச்சத்தைப் பார்க்கலன்னா குடி முழுகிராது.

எழும்பூர் மியூசியம் 1851ல ஆரம்பிச்சது. அங்க அன்னிக்கு நாங்க பார்த்தது திமிங்கிலத்தோட எலும்புக்கூடு ஒண்ணுதான். பெரியவன் அது கீழயே சுத்திச் சுத்தி வந்தான், மிச்சம் அடுத்த வருஷம். (வெள்ளிக்கிழமை லீவு. கிண்டி பாம்புப் பண்ணைக்குச் செவ்வாய்க்கிழமை. போய்ப் பூட்டைப் பார்த்துட்டு வராதீங்க.) கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துல பிள்ளைங்களுக்குன்னு தனிப் பகுதி இருக்கு. 2010ல திறந்ததுல இருந்து வெயிலுக்கு அதைவிட நல்ல இடம் நான் கண்டதில்ல. மெட்ரோவுல எங்கயும் இறங்காம கடைசி ஸ்டேஷன் வரைக்கும் போய் அப்படியே திரும்பி வந்தோம். சின்னவ ஜன்னலை விட்டு முகத்தை எடுக்கல.

மிச்ச நேரம்? மாவு மில். இஸ்திரி போடுறவர் வண்டி. மீன் மார்க்கெட். தபாலாபீஸ்ல அப்பாவுக்கு ஒரு கார்டு போடுறது. மாவு மில்லுல சின்னவ நின்ன நிலையைப் பார்க்கணுமே! கோதுமை மேல கொட்டுது, கீழ மாவா வருது, புருவமெல்லாம் வெள்ளையா ஒரு மாமா நிக்கிறார். ஒரு தடவைக்கு அரைக்க வேண்டியதை நாலு தடவையாப் பிரிச்சு எடுத்துட்டுப் போனோம். "பாப்பா, இன்னிக்கு என்ன அரைக்கணும்?"னு அவரே கேட்க ஆரம்பிச்சுட்டார்.

இடம் பிரச்சினை தீர்ந்தது. கூட விளையாடப் பிள்ளைங்க? அங்கதான் எனக்குக் கோபம் வருது. எங்க குடியிருப்புல பிள்ளைங்க இருக்காங்க. ஆனா கீழ "இங்கு விளையாடக் கூடாது"ன்னு போர்டு. கார்ல பந்து பட்டுரும்னு. அறுபது வீடு, ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையை லிஃப்ட்ல பார்க்குது, அவ்வளவுதான். அப்புறம் எல்லாருமா சேர்ந்து, இந்தக் காலத்துப் பிள்ளைங்க எப்பப் பார்த்தாலும் போனும் கையுமா இருக்குன்னு பேசுறோம்! நாமதானே வெளிய துரத்திக் கதவைச் சாத்தினோம்?

சங்கத்துல போய்ப் பேசினேன். சாயந்திரம் அஞ்சுல இருந்து ஏழு வரைக்கும் பின்பக்கம் நாலு காரைத் தள்ளி நிறுத்தினா போதும்னு கேட்டேன். முதல்ல முனகினாங்க. எங்க காரை நாங்களே முதல்ல எடுத்து ரோட்டுல விட்டோம். அப்புறம் இன்னும் மூணு பேர் எடுத்தாங்க. ஒரே வாரத்துல பதினோரு பிள்ளைங்க! மொழி தெரியாத பிள்ளைங்களும் இருந்தாங்க. பெரியவன் அரைகுறைத் தமிழ், அரைகுறை இந்தின்னு ஏதோ பேசிச் சமாளிச்சான். போர்டு இன்னும் அங்கதான் தொங்குது. யாரும் கண்டுக்கிறதில்ல.

போன வாரம் புனேக்கு ரயில் ஏத்தி விட்டோம். மாலைப் பத்தி ஒருத்தரும் பேசல. ஜன்னல் வழியா சின்னவ கேட்டது இதுதான்: "ஆச்சி, நான் வர்ற வரைக்கும் மில்லு மாமாகிட்ட அரைக்காதீங்க, சரியா?"

மாவு டப்பா காலியாத்தான் இருக்கு. நேத்து ரங்கமணி கடையில பாக்கெட் மாவு வாங்கிட்டு வந்தார். நானும் ஒண்ணும் சொல்லல.

உங்க வீட்டுக்கும் வாண்டுங்க வந்திருக்கும். எங்க கூட்டிட்டுப் போனீங்கன்னு கேட்க மாட்டேன். எங்க நின்னுச்சு, எதைப் பார்த்துச்சுன்னு சொல்லுங்க. இன்னும் ஆறு லீவு இருக்கே, எனக்கு உதவும்.

பி.கு: கோவில்பட்டியில இருந்து வந்த கடலை மிட்டாய் (2020ல புவிசார் குறியீடு வாங்கினது, சும்மா இல்ல!) ரெண்டு பாக்கெட் மிச்சம் இருந்தது. வீட்டுக்கு வர்றவங்களுக்குத் தரலாம்னு வச்சிருந்தேன். டப்பாவைத் திறந்து பார்த்தா காலி. ரங்கமணி டிவியை ரொம்ப உன்னிப்பா வேடிக்கை பார்த்துட்டு இருக்கார் :-)