கள்ளிக்குக் கமலப் பெயரா?

நடு அமெரிக்காவிலும் தென்மெக்சிக்கோவிலும் மரங்களைப் பற்றிப் படரும் கள்ளியொன்றின் கனி அது. கரீபியத் தீவுகளின் தொல்குடியினரான தைனோ மக்களின் மொழி அதற்குத் தந்த பெயர் 'பித்தாயா'. செதிற்பழம் என்பது பொருள். கண்டவுடன் பொருந்தும் பெயர்! இசுபானியர் அம்மக்களை வாளால் வீழ்த்தினர். வீழ்த்தியவர் நாவிலேயே அச்சொல் இன்றும் வாழ்கின்றது.

19-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சியர் அக்கள்ளியை வியத்துநாமுக்குக் கொணர்ந்தனர். அந்நாட்டார் தம் தொன்மங்களில் வரும் பசும்பறவைநாகத்தின் பெயரை அதற்கு இட்டனர். ஆங்கிலத்திலும் அதன் பெயர் 'டிராகன் பழம்'.

2021 சனவரியில் குசராத்து அரசு அதனைக் 'கமலம்' என வடசொல்லால் மாற்றிப் பெயரிட்டது. டிராகன் என்றால் சீனம் நினைவுக்கு வருகின்றதாம். கனியும் தாமரை வடிவினதாம்! அன்றைய முதலமைச்சர் விசய் உரூபானி கூறியது இது. சீனத்தில் பிறவாத கனிக்குச் சீனப் பழியா? ஆளுங்கட்சியின் சின்னம் தாமரை. காந்திநகரில் அக்கட்சி அலுவலகத்தின் பெயரும் 'கமலம்'. ஆயினும் இதில் அரசியல் இல்லையாம்!

தாமரை நீரில் வாழ்வது. இக்கள்ளியோ நீர் தேங்கின் வேரழுகி மடிவது. தாமரை கதிரவனைக் கண்டு மலர்வது. இக்கள்ளிப்பூவோ இரவில் விரிந்து காலையில் வாடுவது. எவ்வகையில் ஒக்கும்?

கனியை அறிந்தோர் அதனை உண்டு அறிந்தனர். மெக்சிக்கோ மக்கள் சதையைப் பிசைந்து, எலுமிச்சைச் சாறும் நீரும் கூட்டிப் பருகுவர். தென்சீனத்துக் குவாங்துங் மக்கள் பூவை உலர்த்திப் பன்றியெலும்போடு கொதிக்கவைத்துச் சாறு காய்ச்சுவர். செஞ்சதைக் கனியின் நிறமி செங்கிழங்கின் நிறமியோடு ஓரினம். பனிக்கூழுக்கு நிறமூட்ட அதுவே போதும். ஆளத் தெரிந்தவரே பெயரிடவும் தெரிந்தவர்.

இன்று தமிழ்நாட்டிலும் அக்கனி விளைகின்றது. கடைத்தெருவிலோ ஆங்கிலப் பெயரே ஒலிக்கின்றது. தமிழனுக்குப் பெயரிடத் தெரியாதா? மிளகாயும் அமெரிக்க மண்ணிலிருந்து கடல் கடந்து வந்ததே. உறைப்பால் மிளகை ஒத்த காயை 'மிளகாய்' என்றனர் தமிழ்மக்கள். எந்த அரசாணையும் அதற்குத் தேவைப்படவில்லை. இன்று அச்சொல்லை அயலது என்பார் எவருமிலர்.

கள்ளியின் கனியைக் கள்ளிப்பழம் என்க. செதிலைக் கண்டு செதிற்பழம் என்க. தைனோ மக்கள் கண்ட பொருளைத் தமிழும் தன் கண்ணாற் கண்டு தன் வாயாற் சொல்லட்டும். பெயர் மக்கள் நாவில் முளைப்பது. ஆள்வோர் அறையில் வார்ப்பதன்று!