லைசென்ஸ் இல்லாமல் இ-பைக் ஓட்டலாமா? 250 வாட், 25 கி.மீ. கணக்கு இதுதான்!

“லைசென்ஸ் வேண்டாம், ஆர்.சி. வேண்டாம், இன்ஷூரன்ஸும் வேண்டாம்.” கடையில் இப்படிச் சொன்னால், அது எல்லா இ-பைக்குக்கும் பொருந்தாது.

விதி என்ன சொல்கிறது?

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-ன்படி, மோட்டாரின் 30 நிமிட பவர் 250 வாட்டுக்குள், அதிகபட்ச வேகம் 25 கி.மீ.க்குள், பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்கு மிகாமல் இருக்க வேண்டும். பிரேக், ஒளி பிரதிபலிப்பான்களும் அவசியம். இவை எல்லாம் இருந்தால்தான் அது ‘மோட்டார் வாகனம்’ அல்ல. ஒன்று தவறினாலும் சலுகை கிடையாது.

த்ராட்டில் இருக்கலாமா?

இந்த வகையில் தடையில்லை. ஆனால், பெடல் அசிஸ்ட் சைக்கிள் என்ற பெயரில் சலுகை பெறும் வண்டியில், பெடல் மிதிப்பதை நிறுத்தினாலோ 25 கி.மீ.யைத் தொட்டாலோ மோட்டார் நின்றுவிட வேண்டும். ஐரோப்பிய யூனியனிலும் இதே 250 வாட், 25 கி.மீ. வரம்புதான்.

‘ஸ்பீடு லாக்’ எடுத்தால்?

வயரைக் கழற்றி 40 கி.மீ.யில் ஓட்டினால், சட்டத்தின் பார்வையில் அது பதிவில்லாத மோட்டார் வாகனம். லைசென்ஸ் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம். 18 வயதுக்குள் உள்ள பிள்ளை ஓட்டி விபத்து நடந்தால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதம், 3 ஆண்டு வரை சிறை. இன்ஷூரன்ஸ் இல்லாததால், அடிபட்டவருக்கான இழப்பீடும் சொந்தப் பணத்தில்தான்.

வாங்கும் முன்...

ஏஆர்ஏஐ, ஐகேட் போன்ற அங்கீகரிக்கப்பட்ட அமைப்பின் சோதனைச் சான்றிதழைக் கேளுங்க. அதில் உள்ள மாடலும் பில்லில் உள்ள மாடலும் ஒன்றா என்று பாருங்க.