நீளக் கூடாத தகடு

புத்தகம் அடுக்கிய பலகையைப் பார்த்திருப்பீர்கள். வைத்த அன்று நேராக இருக்கும். சில வருஷம் போனால் நடுவில் தொய்ந்துவிடும். பாரம் கூடவில்லை. பலகைதான் மெல்ல மெல்ல வளைந்து கொடுத்திருக்கிறது.

உலோகமும் அப்படித்தான். பழுக்கக் காய்ந்த உலோகத்தைப் பாரம் விடாமல் இழுத்தால், அது மயிரிழை மயிரிழையாக நீளும். கடைசியில் அறுந்து போகும். இதற்கு "கிரீப்" என்று பெயர்.

ஜெட் விமானத்துக்கு இதுதான் எமன்! என்ஜினுக்குள் எரிந்த வாயு சீறி வந்து ஒரு சக்கரத்தைச் சுற்றுகிறது. சக்கரத்தின் விளிம்பில் சிறு சிறு தகடுகள் இருக்கின்றன. நிமிஷத்துக்கு 10 ஆயிரம் சுற்றுக்கு மேல் சுழலும்போது, அந்த வேகமே தகட்டை வெளியே இழுக்கிறது. வாயுவின் சூடோ, புதிய என்ஜின்களில் 1,500 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டும். தகட்டில் பெரும் பங்கு நிக்கல். அது 1,455 டிகிரியில் உருகிவிடும்! தகட்டுக்குள் துளைகள் விட்டுக் காற்றைச் செலுத்துவதால்தான் பிழைக்கிறது.

வெல்லக்கட்டியை உடைத்தால் மணி மணியாக உதிரும். சாதாரண உலோகமும் மணிகளின் கூட்டமே. சூட்டில் மணிகளின் இடுக்குகள் நழுவுகின்றன. ஒரே மணியாகத் தகடு செய்தால்? கற்கண்டு போல! 1960-களில் அமெரிக்காவின் பிராட் அண்ட் விட்னி கம்பெனி நிபுணர்கள் அதைச் செய்து காட்டினார்கள். உலோகக் குழம்பு நிறைந்த அச்சை உலையிலிருந்து மெதுவாகக் கீழே இறக்குவார்கள். அடியில் பல மணிகள் முளைக்கும். பன்றி வால் போல் சுருண்ட ஒரு வழியில் ஒன்று மட்டும் புகுந்து வந்து, தகடு முழுவதும் தானே ஆகிவிடும்.

இந்த வித்தையை எந்த நாடும் லேசில் கற்றுக் கொடுக்காது. நம் "காவிரி" என்ஜினுக்கு 1989-ல் அனுமதி கிடைத்தது. ஆனால் 2001-ல் தேஜஸ் விமானம் முதலில் பறந்தது, அமெரிக்க என்ஜினில்!

"இத்தனை வருஷம் என்ன செய்தார்கள்?" என்று கேட்கிறோம். கேட்க வேண்டியதுதான். ஆனால் 2021-ல் ஐதராபாத் ராணுவ உலோக ஆராய்ச்சிக் கூடம், ஹெலிகாப்டர் என்ஜினுக்கு இத்தகைய 60 தகடுகள் செய்து கொடுத்ததையும் சொல்ல வேண்டும். 60 தானா என்று சிரிக்க வேண்டாம்.

உலையில் பாரம் கட்டித் தொங்கவிட்டு, உலோகம் எவ்வளவு நீள்கிறது என்று அளக்கும் சோதனை ஒன்று இருக்கிறது. அது 10 ஆயிரம் மணி நேரம் நடந்தால் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அதற்குள் பட்ஜெட் மாறும், அதிகாரி மாறுவார். ஆகவே வருஷா வருஷம் கையேந்த விடாமல், பத்து வருஷப் பணத்தைச் சேர்த்தே சர்க்கார் ஒதுக்க வேண்டும். போர் விமான என்ஜினின் தகடு இன்னும் பாக்கி இருக்கிறது.