டான் கேபிள்: ஜெயித்தது வியர்வை மட்டுமா?

டான் கேபிள் என்ற பெயரைக் கேள்விப்படாதவர்கள்கூட அவர் சொன்னதாகச் சுற்றுகிற ஒரு வாசகத்தை எங்காவது பார்த்திருப்பீர்கள். மல்யுத்தம் செய்து பழகியவனுக்கு அப்புறம் வாழ்க்கையில் எல்லாமே சுலபம் என்கிற அர்த்தத்தில் வரும். கீழே முறைத்துப் பார்க்கிற ஒரு கறுப்பு வெள்ளை முகம் இருக்கும். விடுதிச் சுவரில் ஒட்டுவார்கள், மெயிலில் ஃபார்வர்ட் செய்வார்கள். அந்த மனிதரைப் பற்றிச் சொல்லப்படும் கதையும் எல்லா இடத்திலும் ஒன்றேதான். எல்லோரையும்விட அதிகமாக உழைத்தார், வலியைத் தாங்கினார், ஜெயித்தார். நீயும் உழை, நீயும் ஜெயிப்பாய்!

இந்தக் கதையில் பாதி பொய். மீதிப் பாதி ஆபத்து.

முதலில் சாதனையைச் சொல்லிவிடலாம், அதில் யாருக்கும் சண்டை இல்லை. 1948ல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் வாட்டர்லூ என்கிற ஊரில் பிறந்தவர் (நெப்போலியன் தோற்ற வாட்டர்லூ அல்ல, இது வேறு). பள்ளியில் 64 போட்டி, 64 வெற்றி. அயோவா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 117 வெற்றி, ஒரே ஒரு தோல்வி. அந்த ஒன்றும் கடைசிப் போட்டியில், 1970 தேசிய இறுதிச் சுற்றில், லாரி ஓவிங்ஸ் என்பவரிடம் 13க்கு 11. 1971ல் உலக சாம்பியன். 1972 ம்யூனிக் ஒலிம்பிக்கில் எதிராளிகளுக்கு ஒரு புள்ளிகூடக் கொடுக்காமல் தங்கம். அப்புறம் அயோவா பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர். இது அவர் படித்த அயோவா ஸ்டேட் அல்ல, அதன் பரம எதிரி! அங்கே 1997 வரை 21 சீசன்கள். அதில் 15 தேசியப் பட்டங்கள், 1978 முதல் 1986 வரை தொடர்ச்சியாக ஒன்பது. பிக் டென் என்கிற வட்டாரக் கூட்டமைப்பின் பட்டம் 21க்கு 21. அணிகள் நேருக்கு நேர் மோதிய போட்டிகளில் 355 வெற்றி, 21 தோல்வி, 5 சமன். எந்த விளையாட்டிலும் இப்படி ஒரு கல்லூரிக் கோச்சைத் தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

சரி, இதெல்லாம் வியர்வையால் மட்டும் வந்ததா?

கேபிள் பொறுப்பேற்ற அணி ஒன்றும் குப்பையில் கிடந்த அணி அல்ல. அவருக்கு முன் இருந்த கேரி கர்டல்மையர் 1975லும் 1976லும் அதே அணியை தேசிய சாம்பியன் ஆக்கிவிட்டுத்தான் போனார். கேபிள் அவருக்கு உதவிப் பயிற்சியாளராக இருந்து மேலே வந்தவர். போஸ்டர் அடிக்கிறவர்களுக்குக் கர்டல்மையரின் பெயரே தெரியாது. ஒலிம்பிக் தங்கம் வாங்கிய ஒரு இளைஞனை எதிரிக் கல்லூரியின் கூடாரத்திலிருந்து கூட்டி வந்து பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டதற்கு அவருக்குக் கொஞ்சமாவது நன்றி சொல்ல வேண்டாமா?

அடுத்தது ஆட்கள். அயோவா மாநிலத்தில் சின்னச் சின்ன ஊர்ப் பள்ளிகளில்கூட மல்யுத்தம் ஒரு திருவிழா மாதிரி. அங்கிருந்து பிள்ளைகள் வந்துகொண்டே இருந்தார்கள். அது போதாதென்று வெளியூரிலிருந்தும் பொறுக்கி எடுத்தார்கள். எட் பனாக், லூ பனாக் என்ற இரட்டையர் நியூயார்க் மாநிலத்திலிருந்து வந்தார்கள். ரேண்டி லூயிஸ் தெற்கு டகோட்டா. மூன்று பேருமே 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியவர்கள். (அந்த ஒலிம்பிக்கில் கேபிள் பயிற்சி தந்த அமெரிக்க ஃப்ரீஸ்டைல் அணிக்கு 10 பிரிவில் 7 தங்கம். சோவியத் யூனியன் புறக்கணித்துவிட்டதால் ஆளில்லாத ஊரில் அடித்த சிக்ஸர் என்று சொல்பவர்களும் உண்டு. அது கொஞ்சம் ஓவர்தான், ஆனாலும் சோவியத்காரர்கள் வரவில்லை என்பது உண்மைதானே.) படிப்பை முடித்தவர்களும் அங்கேயே ஒரு கிளப்பில் சேர்ந்து அதே கூடத்தில் பயிற்சி செய்தார்கள். அதாவது முதல் வருடம் சேரும் ஒரு பையன் தினமும் சாயங்காலம் யாரோடு பிடி போடுகிறான்? உலகத் தரமான ஆளோடு. இந்த வசதி இல்லாத ஒரு கல்லூரிப் பையன் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து மலை ஏறி ஓடினாலும் அது அவனுக்குக் கிடைக்காது. உழைப்பு மட்டும் போதும் என்று சொல்கிறவர்கள் இந்த இடத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொள்கிறார்கள்.

போஸ்டர் கதைக்குப் பதிலே இல்லாத ஒரு கேள்வி இருக்கிறது. 1987ல் என்ன ஆயிற்று? பத்தாவது பட்டத்துக்காகக் காத்திருந்த அணி அந்த வருடம் தோற்றது. தோற்கடித்தது வேறு யாருமில்லை, கேபிள் படித்த அதே அயோவா ஸ்டேட். அடுத்த வருடம் அரிசோனா ஸ்டேட். 1989, 1990 இரண்டும் ஒக்லஹோமா ஸ்டேட். நான்கு வருடம் பட்டமே இல்லை. அதே கோச், அதே கூடம், அதே கடுமை. வியர்வைதான் பட்டம் என்றால் அந்த நான்கு வருடமும் அயோவாவில் யாருக்கும் வியர்க்கவில்லையா? மற்றவர்களும் கற்றுக்கொண்டார்கள், அவர்களுக்கும் நல்ல ஆட்கள் கிடைத்தார்கள், அவ்வளவுதான். 1991ல் பிராண்ட்ஸ் சகோதரர்கள் டாம், டெர்ரி போன்ற புதிய தலைமுறையோடுதான் பட்டம் திரும்பி வந்தது.

அப்படியானால் கேபிளின் திறமை என்பது சும்மாவா என்று யாராவது சண்டைக்கு வரலாம். இல்லவே இல்லை. அவர் பெரிய கோச்தான், ஆனால் வேறு காரணத்துக்காக. கல்லூரி மல்யுத்தத்தில் தேசியப் பட்டம் எப்படிக் கிடைக்கிறது என்று பாருங்கள். பத்து எடைப் பிரிவு. ஒவ்வொன்றிலும் முதல் எட்டு இடத்துக்குள் வருபவர்களின் புள்ளி, வழியில் ஜெயிக்கிற ஒவ்வொரு சுற்றுக்கும் புள்ளி, எதிராளியின் முதுகை விரிப்பில் அழுத்திச் சாய்த்தால் கூடுதல் புள்ளி. எல்லாவற்றையும் கூட்டித்தான் அணிக்குப் பட்டம். ஒரே ஒரு சூரனை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. ஏழாவது இடத்துக்குப் போராடுகிற பையன்தான் பல சமயம் பட்டத்தைத் தீர்மானிக்கிறான். போஸ்டரில் இந்தப் பையனுக்கு இடமே கிடையாது.

1997ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கேபிளின் கடைசி சீசன். இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்ட வருடம். அந்த அணி 170 புள்ளி எடுத்தது, அன்றைக்கு அது சாதனை. தனிநபர் சாம்பியன்கள் ஐந்து பேர். அதில் ஒருவர் ஜெஸ்ஸி விட்மர், 118 பவுண்டு பிரிவு, அதாவது சுமார் 53.5 கிலோ. அவருக்கு முன்னால் அந்த எடையில் இன்னொரு நல்ல வீரர் இருந்ததால் வருடக்கணக்கில் மாற்று ஆளாகவே காத்திருந்தவர். கடைசி வருடத்தில் இடம் கிடைத்தது, தேசிய சாம்பியன் ஆனார். வெளியே பெயர் தெரியாத ஒருவனை அத்தனை வருடம் விட்டுவிடாமல், அவனும் விட்டுப் போய்விடாமல், தினமும் கூடத்துக்கு வரவைத்தது யார்? கேபிளைப் பாராட்ட வேண்டுமென்றால் இதற்காகப் பாராட்டுங்கள். பையன்களை அழ வைத்தார், வாந்தி எடுக்க வைத்தார் என்ற கதைகளுக்காக அல்ல. அதை எந்த மட்டமான கோச்சும் செய்வான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1964ல் கேபிளின் அக்கா வீட்டிலேயே கொலை செய்யப்பட்டார். அப்போது கேபிளுக்கு 15 வயது. அந்த வீட்டில் இனி இருக்க முடியாது என்று பெற்றோர் தவித்தபோது, அக்காவின் அறையிலேயே தான் படுத்துக்கொள்வதாகச் சொன்ன பையன் அவர். இதையும் 'சோகத்தை வெற்றியாக மாற்றிய வீரன்' என்று ஒரு சமையல் குறிப்பு மாதிரி எழுதுகிறார்கள். ஒரு குடும்பம் இடிந்து போகாமல் பிடித்துக்கொள்ளப் பார்த்த பையனின் கதை அது. தங்கப் பதக்கத்துக்கான மூலப்பொருள் அல்ல.

இனி அந்த ஆபத்தான பாதி. வலி என்றாலே நல்லது என்ற நம்பிக்கை அந்த விளையாட்டில் வெறும் பேச்சாக இருக்கவில்லை. எடை குறைப்பாக இருந்தது. குறைந்த எடைப் பிரிவில் இறங்கினால் சின்ன ஆளோடு மோதலாம் என்பதற்காகத் தண்ணீர் குடிக்காமல், ரப்பர் உடை மாட்டிக்கொண்டு, சூடான அறையில் ஓடி, உடம்பிலிருக்கும் நீரைப் பிழிந்து எடுப்பார்கள். அமெரிக்கா முழுக்க, தலைமுறை தலைமுறையாக இதுதான் வழக்கம். 1997 நவம்பர், டிசம்பரில், ஏறக்குறைய ஒரு மாதத்துக்குள், வட கரோலினாவில் ஒருவர், விஸ்கான்சினில் ஒருவர், மிச்சிகனில் ஒருவர் என்று மூன்று கல்லூரி மாணவர்கள் இப்படி எடை குறைக்கும்போதே இறந்து போனார்கள். இது கேபிளின் கூடத்தில் நடந்ததல்ல, அவர் அதற்குள் பயிற்சியை விட்டு விலகியும் விட்டார். அவர் மேல் அந்தப் பழியைப் போடுவது அநியாயம். ஆனால் 'இன்னும் கொஞ்சம் தாங்கு, தாங்குகிறவன்தான் ஜெயிப்பான்' என்ற உபதேசம் எந்தக் கூடத்தில் ஒலிக்கவில்லை? அந்த மூன்று பேரும் சோம்பேறிகள் அல்ல. சொன்னதை அப்படியே நம்பியவர்கள். உபதேசத்தின்படி பார்த்தால் அவர்கள்தான் முதல் மாணவர்கள்!

அதற்குப் பிறகுதான் கல்லூரி விளையாட்டுகளின் தலைமை அமைப்பான என்.சி.ஏ.ஏ. விழித்துக்கொண்டது. 1998ல் ரப்பர் உடைக்குத் தடை, நீராவி அறைக்குத் தடை. எடை பார்ப்பது போட்டி நேரத்துக்குப் பக்கத்தில் வந்தது. சீசன் தொடங்கும் முன்பே உடல் கொழுப்பை அளந்து, இதற்குக் கீழே நீ இறங்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார்கள். எடைப் பிரிவுகளும் உயர்ந்தன. விட்மர் ஜெயித்த 118 பவுண்டு பிரிவு போய் 125 வந்தது.

கடுமையைக் குறைத்தால் தரம் குறைந்துவிடும் என்று அப்போதும் முணுமுணுத்தவர்கள் இருந்தார்கள், இப்போதும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பதில் பென் ஸ்டேட்டிலிருந்து வந்தது. அங்கே கோச் கேல் சாண்டர்சன். தானும் அயோவா ஸ்டேட்டில் படித்தவர், 159 போட்டிகளில் ஒன்றுகூடத் தோற்காதவர். கேபிளின் அந்த ஒரு தோல்விகூட இவருக்குக் கிடையாது. 2011 முதல் 2025 வரை 12 தேசியப் பட்டங்கள். பயிற்சி அங்கும் லேசு கிடையாது. ஆனால் அவர் பையன்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வது வலியைப் பற்றி அல்ல. சந்தோஷமாக விளையாடு, முடிவை நினைத்து பயப்படாதே என்பதுதான் அவர் பாணி. கேபிளின் 1997 அணி வைத்த 170 புள்ளி சாதனை 27 வருடம் நின்றது. 2024ல் அதை உடைத்தது சாண்டர்சனின் அணி, 172.5 புள்ளியோடு. மறு வருடமே 177 எடுத்துத் தன் சாதனையைத் தானே உடைத்தார்கள். அவர்களில் ஒருவனும் அதற்காக ரப்பர் உடை போடவில்லை.