மருந்து என்னும் சொல்

மலையகத்தில் 'மருந்து' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. வைத்தியசாலையில் தருவதும் மருந்து. மரக்கறிப் பாத்திக்கு அடிப்பதும் மருந்து. பத்திரிகைத் தொழிலில் இருந்த காலமெல்லாம், இரண்டாவது மருந்தைக் குடித்து மாண்டவர்களைப் பற்றி எத்தனையோ செய்திகள் எழுதினேன். 'குடும்பத் தகராறு, இளைஞர் மரணம்' என்று தலைப்பு, கீழே நான்கு வரி. குடித்தது எந்த மருந்து என்று ஒருமுறையேனும் நான் கேட்டதில்லை. அது எவ்வளவு பெரிய பிழை என்பதைச் சொல்லவே இப்பத்தி.

1980களின் முற்பகுதியில் அப்படியொரு மரணத்துக்காக மஸ்கெலியாவில், மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்கு மேலேயிருந்த ஒரு லயத்துக்குப் போயிருந்தேன். இறந்தவரின் தம்பி என்னிடம் கேட்டார்: "ஐயா, அண்ணன் நேத்து எழும்பி உக்காந்து கஞ்சி குடிச்சாருங்க. பொறகு எப்படிங்க மூச்சு நின்னுச்சு?" என்னிடம் பதில் இல்லை. அன்று வைத்திய உலகிடமும் தெளிவான பதில் இருக்கவில்லை.

நம் விருப்பத்துக்குக் காத்திராமல் இதயம், நுரையீரல், குடல், வியர்வைச் சுரப்பி ஆகியவற்றை நடத்துவது தன்னாட்சி நரம்புத் தொகுதி. தமிழகத்தில் தானியங்கு நரம்பு மண்டலம் என்பர். இந்நரம்புகள் ஓர் இரசாயனத்தின் மூலமே கட்டளையிடுகின்றன என்பதை 1921இல் ஒட்டோ லோவி தவளையின் இதயத்தைக் கொண்டு காட்டினார். அந்த இரசாயனம் அசற்றைல்கோலீன். இதற்காக அவருக்கும் ஹென்றி டேலுக்கும் 1936இல் நோபல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டில்தான் ஜேர்மனியில் பூச்சிகொல்லி தேடிய கெர்ஹார்ட் ஷ்ராடர், 'தபூன்' என்ற நரம்பு நஞ்சைக் கண்டறிந்தார். ஒர்கனோபொஸ்பரஸ் பூச்சிகொல்லிகள் அதே குடும்பத்தைச் சேர்ந்தவை. அசற்றைல்கோலீனை உடைத்தழிக்கும் நொதியத்தை அவை முடக்கிவிடுகின்றன. கட்டளை ஓய்வதேயில்லை, எச்சிலும் வியர்வையும் பெருகும், இதயத் துடிப்பு தளரும், நுரையீரல் நீரால் நிறையும். இதற்கு மாற்று அற்றோபின். நம்மூர் ஊமத்தையிலும் இருக்கும் அதே பொருள்.

ஆனால் அற்றோபின் கொடுத்துத் தேறியவர் மீண்டும் மூச்சின்றிப் போவது ஏன்? 1987இல் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் நிமல் சேனாநாயக்க, லக்ஷ்மன் கரலியத்த ஆகிய இருவரும் பத்து நோயாளிகளை அவதானித்து விடை எழுதினார்கள். நஞ்சுண்ட ஒன்று முதல் நான்கு நாட்களுக்குள் கழுத்துத் தசைகளும் சுவாசத் தசைகளும் செயலிழக்கலாம். அற்றோபின் அதைத் தடுக்காது. செயற்கைச் சுவாசமே காக்கும். 'இடைநிலை நோய்க்குறி' என்று உலகப் பாடநூல்களில் இன்று இருப்பது, நம் மலைநாட்டின் வாசலில் எழுதப்பட்டதுதான். அந்தத் தம்பியின் கேள்விக்கு விடை சில ஆண்டுகள் பிந்தி வந்தது.

இன்னொரு விடை சட்டத்திலிருந்து வந்தது. 1995இல் இலங்கையின் தற்கொலை வீதம் இலட்சத்துக்கு 47. உலகிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்று. மிகக் கொடிய பூச்சிகொல்லிகள் அவ்வாண்டில் தடைசெய்யப்பட்டன; பின்னரும் தடைகள் தொடர்ந்தன. பத்தே ஆண்டுகளில் வீதம் பாதியானது. 1995 முதல் 2015 வரை இத்தடைகளால் ஏறத்தாழ 93,000 உயிர்கள் காக்கப்பட்டன என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு.

'சாகத் துணிந்தவன் வேறு வழி தேடமாட்டானா?' என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. நானும் கேட்டவனே. நஞ்சுண்டு வைத்தியசாலைக்கு வந்தவர்களின் தொகை குறையவில்லை. இறந்தவர்களின் தொகைதான் குறைந்தது. அதாவது, ஆத்திரத்தின் ஒரு கணத்தில் கைக்கு எட்டியது எது என்பதே பலருடைய வாழ்வைத் தீர்மானித்திருக்கிறது. நாங்கள் குடும்பத் தகராறை மட்டும் எழுதி, போத்தலை மறைத்துவிட்டோம். நஞ்சின் பெயரைக் காரண காரியத்தோடு பொறுப்பாக எழுதியிருந்தால், தடைகள் முன்னரே வந்திருக்கக்கூடும்.

தடை எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. உயிர்காக்கும் ஊசி முதல் மணித்தியாலங்களில் தேவை. சுவாச இயந்திரம் மூன்றாம் நாளிலும் தேவைப்படலாம். மலையுச்சித் தோட்டத்திலிருந்து பெரிய வைத்தியசாலைக்குச் செல்லும் பாதையின் நீளம் என்பது, எனவே, நரம்பியல் சார்ந்த ஒரு கேள்வியும்கூட. இந்நாட்டில் பிறந்த இந்த அறிவை ஒவ்வொரு லயத்துக்கும் தமிழில் கொண்டுசேர்க்கும் கடமை, என்னையும் உள்ளிட்ட எங்களுக்குப் பாக்கியிருக்கிறது.

ஆகவே இரண்டு வார்த்தை. நஞ்சுண்டவர் எழுந்தமர்ந்து கஞ்சி குடித்தாலும், வைத்தியர் சொல்லும் வரை வீட்டுக்கு அழைத்துச் செல்லாதீர்கள். மனம் தாங்காத வேளையில் யாரிடமாவது பேசுங்கள். இலங்கையில் 1926 என்ற தேசிய மனநல உதவி எண் இருக்கிறது. அந்தக் கணம் கடந்துபோகும். கடந்துபோக விட்டவர்கள் பலர் இன்றும் நம்மிடையே வாழ்கிறார்கள்.